அத்தையின் பச்சைத்தோல் மேசை

அத்தையின் சீர்ச்சாமான்கள் மினி லாரியில் திரும்பி வந்த அன்று, எங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் நான்தான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சிவகிரியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் ஒற்றைப் பையோடு சங்கரன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவள் பிறகு திரும்பிப் போகவில்லை. “அத்தை லீவுக்கு வந்திருக்கா” என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். மூன்றாம் வகுப்பு முடிந்து என்னுடைய லீவே தொடங்கிவிட்டது, அத்தையின் லீவு மட்டும் முடியாமல் நீண்டுகொண்டிருந்தது. அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. தலை பின்னிவிடுவதிலிருந்து தாயம் விளையாடுவது வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது.

நாங்கள் இருந்தது ஒரு வளவு. ஒரே தலைவாசலுக்குள் எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு முற்றம். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் நாள் முழுக்கத் தடதடவென்று ஓடும். தறி நின்றால்தான் எங்களுக்குச் சத்தம் கேட்டதுபோல இருக்கும். லாரி வந்து நின்றதும் வளவே முற்றத்துக்கு வந்துவிட்டது. கட்டில், பீரோ, கிரைண்டர், சாக்கில் கட்டிய பித்தளைப் பாத்திரங்கள், துணி சுற்றிய குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாக இறங்கின. “இவ்வளவும் நமக்கா?” என்று நான் குதித்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளியதற்குக் காரணம் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். யாரோ செத்த வீட்டில் நிற்பதுபோல எல்லோரும் நின்றார்கள்.

கடைசியாக, லாரியின் அடியிலிருந்து நாலு கால்களும் மேலே பார்க்கக் கவிழ்ந்து கிடந்த ஒரு மேசையை இறக்கினார்கள். அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது நம்ம சாமான் இல்லையே.”

“அய்யாதான் ஏத்திவிட்டாக, அண்ணாச்சி” என்றார் டிரைவர். “அவுகளே பக்கத்துல நின்னு கயிறு போடச் சொன்னாக.”

“எந்த அய்யா?”

“பெரியவரு. பத்திரம் எழுதுதவுக.”

அத்தையின் மாமனார் சிவகிரியில் பத்திர எழுத்தர். நிலம் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் பத்திர ஆபீஸுக்குப் போகுமுன் அவரிடம்தான் போவார்கள் என்பதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு, பெரியவர் என்ற பேச்சைக் கேட்டதும் அப்பாவின் முகம் சிறுத்ததைத்தான் பார்த்தேன்.

“அவுக சாமான் ஒண்ணும் நமக்கு வேண்டாம். திருப்பி ஏத்துங்க.”

டிரைவர் தலையைச் சொறிந்தார். அதுவரை வீட்டை விட்டு வெளியே வராத அத்தை நிலைப்படியில் வந்து நின்றாள்.

“இருக்கட்டும்ணே” என்றாள். “மத்ததை என்னமும் செய்யுங்க. அது மட்டும் இருக்கட்டும்.”

அப்பாவுக்குத் தங்கையை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. மேசையிடம் குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று அதை நிமிர்த்திப் போட்டு மேல்பலகையைத் தடவினார். பலகையின் மேல் ஓரம் விட்டு, கரும்பச்சை நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“இது தோலுல்ல? சைவக்காரன் வீட்டுக்குள்ள, சாமி படத்துக்கு நேரா, மாட்டுத்தோலக் கொண்டாந்து வைக்கச் சொல்லுதியளா?”

அம்மா குரலை உயர்த்தாமல் கேட்டாள்: “உங்க பேண்ட்ட நிறுத்தி வச்சிருக்கது என்னது? வாழைநாரா?”

அப்பாவின் கை தானாக இடுப்பு பெல்ட்டுக்குப் போயிற்று. எதிர்வீட்டுப் பெரியம்மை வாயைப் பொத்தியிருந்த முந்தானைக்குள்ளேயே சிரித்தாள். மேசை உள்ளே வந்தது.

உள்ளே என்றால் பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு. மற்ற சாமான்கள் ஒவ்வொன்றாகச் சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் போயின. கட்டில் மேலநீலிதநல்லூரில் அம்மாவின் தங்கை வீட்டுக்கு, கிரைண்டர் வேறு எங்கோ. அத்தை எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஈரத்துணியும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அது நல்ல தேக்கு மேசை. ஒரு காலத்தில் மலையடிவாரத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்திருந்து, அவர் சீமைக்குத் திரும்பியபோது கைமாறியது என்று சொல்வார்கள். இரண்டு பக்கமும் இழுப்பறைகள், பித்தளைக் கைப்பிடிகள். எழுதும்போது பேனா வழுக்காமல் போவதற்காக மேலே தோல் ஒட்டியிருந்தது. தோலைச் சுற்றி மெல்லிய தங்கக்கோடு ஒன்று ஓடியிருக்க வேண்டும், அங்கங்கே துண்டு துண்டாகத் தெரிந்தது. பெரியவருக்குக் கை நடுக்கம் கண்டு எழுத்தை நிறுத்திய பிறகு, மேசையை மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில் போட்டுவிட்டார்களாம். ஓடு ஒழுகி, அதன்மேல் பருத்திக்கொட்டைச் சாக்கை வைத்து, எலி ஓடி, தோல் கோடையில் வெடித்த கரிசல் குளம்போலக் கிடந்தது. ஒரு மூலை பிய்ந்து மேலே சுருண்டிருந்தது. நடுவில் மைக்கறை. பூஞ்சணம் வெள்ளைவெள்ளையாகப் படர்ந்திருந்தது. வலது ஓரத்தில் டபராவைச் சூடாக வைத்த வட்டத் தடம் ஒன்று.

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. இரண்டு பக்க இழுப்பறைகளுக்கும் நடுவில் கால் நீட்டிக்கொள்ள ஒரு இடைவெளி இருந்தது. அதற்குள் நான் அளவெடுத்ததுபோலப் பொருந்தினேன். எனக்கே எனக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது.

தோலைச் சரிசெய்வதற்கு வளவில் ஆளுக்கொரு யோசனை இருந்தது. முதல் வைத்தியம் அம்மாவுடையது. “காஞ்சு போய்க் கெடக்கு, தேங்காயெண்ணெய் தேய்ச்சா ஊறிரும்” என்று ஒரு மூலையில் தாராளமாகத் தேய்த்துவிட்டாள். மறுநாள் காலையில் சித்தெறும்புகள் வரிசைகட்டி, பின்வாசல் வழியாகத் தாழ்வாரம் ஏறி, மேசைக்கால் வழியாக உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தன. அம்மா மஞ்சள்பொடி டப்பாவை எடுத்து வந்தாள்.

இரண்டாவது வைத்தியம் எதிர்வீட்டுப் பெரியம்மையுடையது. புளியங்குடியிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை நறுக்கி, மைக்கறையில் தேய்த்தாள். மை அப்படியே இருந்தது. சுற்றியிருந்த பச்சைதான் வெளுத்தது.

“ஏட்டி, அதை எதுக்குப் போட்டு மாரடிக்கே? கிழிச்சு எறிஞ்சிட்டு ரெக்சின் ஒட்டிரு. பஸ் ஸ்டாண்டுகிட்ட சீட் தைக்கிற பையன் இருக்கான், நான் சொல்லிவிடுதேன்” என்றாள் பெரியம்மை, தன் பங்குக்குச் செய்த சேதத்தைச் சரிக்கட்டுவதுபோல.

சீட் தைக்கிறவர் வரவும் செய்தார். நீளம் அகலம் அளந்தார். சிவப்பு, கறுப்பு, புலித்தோல் போட்டது என்று துண்டுகளைக் காட்டினார். எனக்குப் புலித்தோல் பிடித்திருந்தது. பழைய தோலின் சுருண்ட மூலையைப் பிடித்து அவர் இழுக்கப் போகையில் அத்தை அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

“வேண்டாம்ணே. இருக்கதையே சரி பண்ணிக்கிடுதேன்.”

“இது ஆவாதும்மா. உளுத்துப் போச்சு.”

“பாப்போம்” என்றாள் அத்தை. அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகு அத்தை யார் யோசனையையும் கேட்கவில்லை. வைத்தியம் அவளுக்கே தெரிந்திருந்தது. கை நன்றாக இருந்த காலத்தில் அவள் மாமனார் வருஷா வருஷம் போகிக்கு முந்தின நாள் மேசையைத் துடைத்து மெழுகு போடுவாராம். மருமகள் வாசல்பக்கம் நின்றபடி பார்த்திருக்கிறாள். அவர் அவளைப் பார்க்காமல், சுவரிடம் சொல்வதுபோல, ஒவ்வொன்றும் எதற்கென்று சொல்லிக்கொண்டே செய்வாராம்.

“எதுக்கு சுவத்துகிட்ட சொன்னாக?” என்று கேட்டேன்.

“அங்கன அப்படித்தான்” என்றாள் அத்தை.

முதலில் பூஞ்சணத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். பூந்திக்கொட்டை நுரையில் துணியை நனைத்து, நனைந்ததா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பிழிந்து, அதனால் துடைத்தாள். துடைத்த துணியில் கறுப்பாக வந்தது. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்றேன். வெயில் பட்டால் தோல் அப்பளம்போலச் சுருங்கிவிடும் என்று சொல்லி, தாழ்வாரத்து நிழலிலேயே வைத்து நாட்கணக்கில் காயவிட்டாள். சுருண்ட மூலையைத் தினம் கொஞ்சம் ஈரக்கையால் நீவிக்கொடுப்பாள். அழுது அடம்பிடிக்கும் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டுவதுபோல இருக்கும். ஒரு வாரத்தில் அது படிந்துவிட்டது.

பிறகு மைதாமாவுப் பசை காய்ச்சினாள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போட வேண்டும். நீலமாகக் கல்கண்டுபோல இருந்த அதை எடுத்து நான் வாயில் போட்டுவிடுவேன் என்று பயந்து, என்னை மேசைக்கடியிலிருந்து விரட்டிவிட்டுத்தான் டப்பாவைத் திறந்தாள். எலி கடித்த இடத்தில் தோலுக்கு அடியில் பழைய வேட்டித் துணியைச் செருகி, பசை தடவி ஒட்டினாள். அதன்மேல் துணி சுற்றிய அம்மிக்குழவியைப் படுக்க வைத்தாள். அதனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் சட்னி கிடையாது. அப்பா இட்லிப்பொடியைத் தொட்டுக்கொண்டு, “குழவி எங்க?” என்று கேட்டார். “மேசைக்குக் காவல் இருக்கு” என்றாள் அம்மா.

அப்பா மேசைப்பக்கமே வருவதில்லை. ஆனால் ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தவர், ஒரு காகிதப் பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டி, “ஆபீஸ்ல பெஞ்சுக்குப் பாலிஷ் போட்டாக, மிச்சம் கெடந்துச்சு. வேணும்னா எடுத்துக்கிடச் சொல்லு” என்றார். பிரித்தால், உப்புத்தாளும் அரக்கும் ஸ்பிரிட் பாட்டிலும். பாட்டிலின் மூடிமேல் கடைக்காரர் ஒட்டிய தாள்கூடக் கிழியவில்லை. அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆனி பிறந்ததும் காற்று ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர்க் காற்றைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மலையில் சாரல் விழுந்தால் எங்களுக்குப் புழுதி விழும். அரக்கு பாலிஷ் காய்வதற்குள் தூசி வந்து ஒட்டி, மேசைக்கால் சொரசொரவென்று ஆகிவிடும். அத்தை அலுத்துக்கொள்ளாமல் மறுபடி தேய்த்து எடுத்துவிட்டு, காற்று எழும்புவதற்குள் விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பூசினாள். நான் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். உள்ளேயிருந்து ஸ்பிரிட் வாசனை வரும்.

பச்சை நிறத்துக்குத்தான் கொஞ்சம் திண்டாட்டம். எந்தக் கடையில் கேட்டாலும் தோலுக்குக் கறுப்பும் பழுப்பும்தான் இருந்தது. எதிர்வீட்டுப் பெரியப்பா நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தார். பெரியம்மை அவரிடம் சொல்லி, ஒரு பொட்டலம் பச்சைச் சாயம் கொண்டுவந்து கொடுத்தாள். எலுமிச்சம்பழக் கணக்கு அதோடு தீர்ந்தது என்பது அவள் எண்ணம். அத்தை அதை ஸ்பிரிட்டில் கரைத்து, துளி கறுப்பு சேர்த்து, யாரும் பார்க்காத உள்ளோரத்தில் தடவிப் பார்த்து, பழைய நிறத்தோடு ஒத்துவரும்வரை மாற்றி மாற்றிக் கலக்கினாள். கடைசியில் தோல் பச்சையானது. அத்தையின் இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை பச்சையாயின.

மறுநாள் அத்தை முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனபோது பெரியம்மை அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன தாயி, கோவில்ல ஆவுடையம்மன் கையில இருக்க கிளி உன் கையில வந்து கரைஞ்சிட்டுதா?” என்று கேட்டாள்.

அத்தை சிரித்தாள். சும்மா உதட்டால் அல்ல. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. “அவளா சிரிக்கா?” என்று என்னிடம் கேட்டாள். “ஆமா” என்றேன். ஒரு சிரிப்புக்கு எதற்குச் சாட்சி கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

கடைசி வேலை, விளக்கெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி ஆறவைத்து, மெல்லிய துணியில் தொட்டு வட்டவட்டமாகத் தேய்ப்பது. அதில் எனக்கும் ஒரு மூலை கிடைத்தது. வெடிப்புகள் முழுக்க மறையவில்லை. உற்றுப் பார்த்தால் இலை நரம்புபோலத் தெரியும். ஆனால் தோல் இளகி, தொட்டால் குளுகுளுவென்று இருந்தது. டபரா வைத்த வட்டத் தடத்துக்கு மட்டும் அத்தை சாயம் போடவில்லை.

“அத்தை, இதை விட்டுட்டியே.”

“அது கெடக்கட்டும்” என்றாள். “கல்யாணமாகிப் போன புதுசுல நான் வச்சது. காப்பி கொண்டுபோய் வச்சேன், தோல் சுட்டுப்போச்சு. மாமியார் வந்து ‘யார் செஞ்சது’ன்னு சத்தம் போட்டாக. மாமனார் ஒரு தாளை எடுத்து அதுமேல வச்சுட்டு, ‘அது முன்னாலயே இருந்துச்சு’ன்னுட்டாக.”

“பொய்யா சொன்னாக?”

“பொய்தான்” என்று சொல்லிவிட்டு அத்தை அந்த வட்டத்துக்கும் மெழுகு போட்டாள்.

மேசை முன்னறைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தது. சாமி படம் மேசைக்கு நேராக இல்லாமல் பக்கச் சுவருக்குப் போனது. நகர்த்தியது அப்பாதான். பள்ளிக்கூடம் திறந்துவிட்டிருந்தது. நான் மேசைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அத்தை மேலே உட்கார்ந்து, அரசுத் தேர்வுக்கென்று அப்பா வாங்கிக்கொடுத்த தடித்தடியான புத்தகங்களைப் படிப்பாள். அவள் பக்கம் புரட்டும் சத்தம் எனக்கு மேலே கூரையில் குருவி நடப்பதுபோலக் கேட்கும். அந்த இடைவெளிக்குள் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

குறையை உண்டாக்கியது பெரியம்மைதான். ஒருநாள் வந்து மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், “இப்படிப் பளபளன்னு ஆக்கிட்டாளே, இதைக் கேள்விப்பட்டா அவுக சும்மா இருப்பாகளா? கேட்டு வருவாக பாரு” என்றாள். மேசைக்கடியிலிருந்து நான் தலையை நீட்டினேன்.

அத்தையிடம் கேட்டேன். “அந்தத் தாத்தா வந்து கேட்டா குடுத்துருவியா?”

அத்தை புத்தகத்தை மூடினாள். “கேட்டா குடுக்கணும்லா. அவுக சாமான்தானே.”

அன்றிலிருந்து தலைவாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தாலே எனக்குப் பயம்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்ததும் முதலில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். மேசை இருந்தால்தான் உள்ளே போய்ப் பையை இறக்குவேன்.

எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித் தபசு வந்தது. தபசென்றால் ஊரில் நடக்க இடமிருக்காது. சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் ரத வீதியில்தான் நிற்கும். எங்கள் வளவுக்குள்ளும் சொந்தக்காரர், தெரிந்தவர், தண்ணீர் கேட்கிறவர் என்று ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். உள்ளூர் விடுமுறை என்பதால் அப்பா வீட்டில்தான் இருந்தார். முன்னறையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு நிழல் விழுந்தது. உயரமான, ஒல்லியான ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வலது கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் பிடித்திருந்தார். முழங்கையில் ஒரு மஞ்சள் பை தொங்கியது.

“தபசுக்கு வந்தேன்” என்றார். “அப்படியே…”

அப்பா பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ‘வாங்க’ என்று சொல்லவில்லை. திரும்பவும் பேப்பரைப் பார்த்தார்.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். எங்கள் வீட்டில் பழைய பேப்பர்காரர் வந்தால்கூட அப்பா ‘வாங்க’ என்பார். அம்மா கதவோரம் வந்து நின்று அப்பாவையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் வாசற்படியில் ஏறவும் இல்லை, திரும்பவும் இல்லை. வெளியே நாதஸ்வரச் சத்தம் நெருங்கிப் பின்பு தெரு திரும்பிக் குறைந்தது.

அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“வாங்க மாமா” என்றாள்.

யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர் உள்ளே ஏறி வந்தார். “மேசை அங்கன கெடந்து வீணாப் போச்சேன்னு அனுப்பி வச்சேன். என்ன பாடு படுதுன்னு பாத்துட்டுப் போலாம்னு…” என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. நான் பாய்ந்து மேசைமேல் ஏறி, குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் இரண்டு ஓரங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“தர மாட்டேன்!”

“ஏட்டி, எறங்கு!” என்று அம்மா அதட்டினாள்.

“மாட்டேன். நாங்கதான் சரி பண்ணுனோம். நானும் மெழுகு போட்டேன்.”

பெரியவர் குனிந்தார். அவருடைய முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. காதில் முடி இருந்தது.

“நான் எடுத்துட்டுப் போக வரல தாயி.”

“சத்தியமா?”

“சங்கரநாராயணர் ஆணையா.”

தபசு அன்றைக்குச் செய்த சத்தியம் என்றாலும் நான் பிடியை விடவில்லை. அவர் என்னை நகர்த்தவும் முயலவில்லை. என்னைச் சுற்றித் தெரிந்த இடங்களில் மட்டும் தோலைத் தடவிப் பார்த்தார். ஆடும் கை தோல்மேல் பட்டதும் ஆடாமல் நின்றது.

“மூலை பிஞ்சு கெடந்துச்சே. எதை வச்சு ஒட்டுன?”

“மைதாதான் மாமா. துத்தம் போட்டுக் காய்ச்சினேன்.”

“அடியில துணி குடுத்தியோ?”

“குடுத்தேன். பழைய வேட்டி.”

“வெயில்ல வைக்கலியே?”

“இல்ல மாமா. நெழலுதான்.”

“மெழுகு கூடிப்போனா பிசுபிசுங்கும். சரியாப் போட்டிருக்க.” இந்த முறை அவர் சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு, “அந்த நாற்காலியைப் போட்டு உக்காரு” என்றார்.

“இருக்கட்டும் மாமா. நீங்க உக்காருங்க.”

“எனக்கு முன்னால நீ ஒரு நாளும் உக்காந்தது இல்ல. இப்ப உக்காரு. நான் பாக்கணும்.”

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தியிருந்தார். அத்தை என் முதுகில் தட்டினாள். அவள் தட்டியது வேறுமாதிரி இருந்ததால் நான் இறங்கினேன். ஆனால் மேசைக்காலை விடவில்லை. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தோல்மேல் வைத்துக்கொண்டாள். பெரியவர் நின்றபடி பார்த்தார்.

“ஒசரம் உனக்குச் சரியா இருக்கு” என்றார்.

பிறகுதான் அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க என்னைய வான்னு சொல்லணும்னு நான் வரல. சொல்லாததும் நியாயந்தான். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். என் ஆயுசு பூராவும் ஊராரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினவன் நான். இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு சாட்சி வேணும்னா நான் வாரேன். எங்க வேணும்னாலும் வாரேன். தப்பு என் மகன்கிட்டதான். என் கண்ணால பாத்ததை நான் சொல்லுவேன்.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அத்தை தலை நிமிரவே இல்லை. தோல்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஈரம் பட்டால் தோல் கெட்டுவிடும் என்று எங்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவள் அவள்தான். நான் அவசரமாக என் பாவாடையால் துடைத்தேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். எழுந்தார். என்னை இழுத்து அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அம்மாவிடம், “இலை போடு” என்றார். பிறகு பெரியவரைப் பார்த்து, “கை கழுவிட்டு வாங்க மாமா. சாப்பிட்டுட்டுப் போலாம்” என்றார்.

அன்று அப்பாவே பக்கத்தில் நின்று பரிமாறினார். பெரியவர் கை ஆடுவதால் சோறு சிந்தியது. யாரும் பார்க்காததுபோல இருந்தார்கள். நான் சாப்பிடாமல் மேசையருகிலேயே காவல் இருந்தேன். ஒரு ஆணை செய்தார் என்பதற்காக ஆளை அப்படியே நம்பிவிட முடியுமா? சாப்பிட்டு எழுந்தவர் மஞ்சள் பையிலிருந்த மாம்பழங்களை அம்மாவிடம் கொடுத்தார். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “வாரேன்” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு பஸ் ஸ்டாண்டுவரை போனார்.

“அத்தை, அவுக எதுக்குச் சாட்சி?” என்று கேட்டேன்.

அத்தை முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். நெடுநேரம் யோசித்தவள்போல, “மேசை நமக்குத்தான்கிறதுக்கு” என்றாள்.

எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், சிவகிரியிலிருந்து ஒருவர் எங்கள் மேசையைத் தூக்கிப்போக வந்ததையும், நான் ஒற்றை ஆளாகப் படுத்து மறித்ததையும், அவர் பயந்து மாம்பழம் கொடுத்துவிட்டு ஓடியதையும் சொன்னேன். சொல்லச் சொல்லப் பெரியவர் இன்னும் உயரமானார், மீசையும் வைத்துக்கொண்டார். அத்தை அந்த மேசையில் படித்துத் தேர்வெழுதி, வேலை கிடைத்துத் தென்காசிக்குப் போனபோது, மேசையும் அவளோடு போனது. நான் சண்டை போட்டேன், தோற்றேன். இப்போதும் அவள் வீட்டு ஜன்னலோரத்தில்தான் அது இருக்கிறது. அத்தை வருஷா வருஷம் போகிக்கு முந்தின நாள் அதற்கு மெழுகு போடுகிறாள்.

அந்தப் பெரியவர் சொன்னபடியே அத்தையின் வழக்குக்காகக் கோர்ட்டுக்கு வந்தார் என்பதும், சொந்த மகன் எதிரே நின்றுகொண்டிருக்க, ஆடும் கையை இன்னொரு கையால் பிடித்தபடி, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உண்மையைச் சொன்னார் என்பதும், அதற்குப் பிறகு அவர் வீட்டில் அவரோடு பேச ஆள் இல்லாமல் போனது என்பதும் எனக்குக் கல்யாணம் பேசிய நாட்களில் அம்மா சொல்லித் தெரிந்தது. மேசைமேல் குப்புறப் படுத்திருந்த எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், அவர் எதையும் எடுத்துக்கொள்ளாமல் போனார், நாங்கள் ஜெயித்தோம் என்பதுதான். வெறுங்கையோடு திரும்பிப் போவதற்காகவே ஒரு மனிதர் அவ்வளவு கூட்டத்தில் பஸ் ஏறி வருவார் என்பது எனக்கு அப்போது தெரியாது.